மனிதர்கள் 35 லட்சம்... மாடுகள் 1.2 கோடி! உருகுவேயின் தெருமுனை ‘பரிஷா’வில் ஒரு ராத்திரிச் சாப்பாடு

இரவு மணி எட்டு. நல்ல பசி. உருகுவேயின் தலைநகர் மான்டிவீடியோவில், பலெர்மோ ஏரியாவில் ஒரு தெருமுனை ஸ்டேக் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஈ, காக்கா இல்லை. டம்ளரைத் துடைத்துக்கொண்டிருக்கும் பையன் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான். ‘கடையை மூடிட்டாங்களோ?’னு பதற வேண்டாம். நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்க! அந்த ஊரில் டின்னர் என்பதே ஒன்பது மணிக்கு மேலேதான். ஒன்பதரை, பத்துக்குத்தான் டேபிள்கள் நிறையும். பாட்டி, பேரன், கைக்குழந்தை என மொத்தக் குடும்பமும் அப்போதுதான் வந்து இறங்கும்.

சரி, உருகுவேன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஃபுட்பால். குறிப்பா, 2014 உலகக் கோப்பையில் இத்தாலி வீரரின் தோளைக் கடித்த லூயிஸ் சுவாரஸ். (கடிக்கிறதுக்கு சொந்த ஊர்லயே அவ்வளவு நல்ல ஐட்டங்கள் இருக்கும்போது அவர் ஏன் அப்படிச் செஞ்சார் என்பது இன்னும் புரியாத புதிர்!) அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவில் இருக்கும் இந்த நாடு, பரப்பளவில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஆனால், மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். மாடுகளோ சுமார் 1.2 கோடி. அதாவது, ஆளுக்கு மூணு மாட்டுக்கு மேல. நாட்டின் அரசுச் சின்னத்திலேயே ஒரு காளை நிற்கிறது. செழிப்பின் அடையாளமாம்.

அந்தச் செழிப்பு தட்டுக்கு வரும் இடம்தான் பரிஷா. ஸ்பெயின்காரர் ‘பரீயா’ என்று வாசிக்கும் வார்த்தையை உருகுவேக்காரர்கள் ‘ஷ’ போட்டுத்தான் சொல்வார்கள். கறி சுடும் இரும்புக் கம்பித் தட்டுக்கும் அதுதான் பெயர், அந்தத் தட்டை வைத்து நடக்கும் ஹோட்டலுக்கும் அதுதான் பெயர். அடுப்பின் முன்னால் நின்று சுடுபவர் பரிஷேரோ.

இங்கே ஒரு கேள்வி வரும். உருகுவேயில் பெரும்பாலான வீடுகளில் கறி சுடும் அடுப்பு உண்டு. அப்பார்ட்மென்ட்டில்கூட எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடுப்பு அறை கட்டி வைத்திருப்பார்கள். கட்டடம் கட்டும் தொழிலாளர்கள் வெள்ளிக்கிழமை மதியம் சைட்டிலேயே கம்பியைப் போட்டு, விறகு மூட்டி, கறி சுட்டுச் சாப்பிடுவது அங்கே சர்வசாதாரணம். அப்படி இருக்க, காசு கொடுத்துக் கடையில் ஏன் சாப்பிடணும்?

பதில், நேரம். வீட்டில் சுடுவது என்றால் விறகு எரிந்து தணலாகவே முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் விலாக்கறி வேக ஒன்றரை, இரண்டு மணி நேரம். பத்துப் பேர் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு அது கொண்டாட்டம். செவ்வாய்க்கிழமை ராத்திரி வேலை முடிந்து வரும் ரெண்டு பேருக்கு அது தண்டனை. அவர்களுக்காகத்தான் தெருமுனையில் ஒரு பரிஷா. அடுப்பு எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும். நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும்.

தீயில் இல்லை... தணலில்!

உட்காரும் இடம் முக்கியம். ஜன்னலோர டேபிளுக்கு ஆசைப்படாதீங்க. பல பரிஷாக்களில் அடுப்பைப் பார்த்தபடி ஒரு நீள மேடையும் உயரமான ஸ்டூல்களும் இருக்கும். அதுதான் கடையின் பால்கனி சீட்! முகத்தில் கொஞ்சம் அனல் அடிக்கும், சட்டையில் புகை வாசம் மூணு நாளைக்குப் போகாது. பரவாயில்லை.

அங்கிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு இரும்புக் கூடை. அடுப்பின் ஒரு ஓரத்தில் இருக்கும். அதற்குள் முழு முழு விறகுக் கட்டைகள் எரியும். எரியும் கட்டை உடைந்து தணலாகிக் கூடையின் கம்பிகள் வழியே கீழே விழும். பரிஷேரோ ஒரு நீளக் கம்பியால் அந்தத் தணலை இழுத்து, கறி இருக்கும் தட்டின் அடியில் பரப்புவார். தட்டு லேசாகச் சாய்ந்திருக்கும். பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு. தாழ்ந்த பக்கத்தில் சூடு அதிகம். உயர்ந்த பக்கத்தில் வெந்து முடிந்த கறி ஆறாமல் காத்திருக்கும்.

அதாவது, கறியை நெருப்பு தொடுவதே இல்லை. இதுதான் மொத்த ரகசியமும். நெருப்பு பட்டால் கொழுப்பு உருகிச் சொட்டி, பற்றிக்கொண்டு, கறியின் வெளிப்பக்கம் கரியாகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். தணலின் சூடு மெதுவாக ஏறும். கெட்டியான தசை நார்கள் இளகவும், கொழுப்பு உருகிக் கறிக்குள்ளேயே இறங்கவும் அந்த நேரம் தேவை. சினிமாவில் காட்டும் அமெரிக்க ஸ்டேக் மாதிரி, கொதிக்கும் தோசைக்கல் சூட்டில் ‘சுர்ர்ர்’னு ரெண்டு பக்கமும் புரட்டி எடுக்கும் கதை இங்கே கிடையாது. எலும்பு உள்ள துண்டு என்றால் எலும்புப் பக்கம் கீழே. பெரும்பாலான நேரம் அப்படியேதான் கிடக்கும். கடைசியில்தான் ஒரே ஒரு தடவை திருப்பிப் போடுவார்கள். சும்மா சும்மா புரட்டுகிறவரை உருகுவேக்காரர்கள் ஏளனமாகப் பார்ப்பார்கள்.

தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. உள்ளங்கையைத் தட்டுக்கு மேலே நீட்டி, எத்தனை நொடி தாங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுவார். அவ்வளவுதான் அளவு. மசாலா? கல் உப்பு. அதுவும் அவ்வளவுதான்.

விறகு விஷயத்தில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. பக்கத்து நாடான அர்ஜென்டினாவில் நிறைய பேர் அடுப்புக்கரியில் சுடுவார்கள். ‘அதெல்லாம் ஒரு சுடுதலா?’ என்பது உருகுவேயின் நிரந்தரக் கிண்டல். (இந்த இரண்டு நாடுகளும் டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்டெல் எங்கே பிறந்தார் என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டை போடும். அது தனிக் கதை.) கொரொனிஷா, எஸ்பினிஷோ போன்ற காட்டு மரங்களின் விறகுக்கு மதிப்பு அதிகம். இதில் எஸ்பினிஷோ நம்ம ஊர் கருவேல மரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தாவரவியல்படி இரண்டும் ஒரே பேரினம். முள், மஞ்சள் பூ, கனமான கட்டை என்று ஜாடையும் அப்படியே இருக்கும்.

‘ஓஹோ’ன்னு ஒரு கறி

மெனு கார்டைப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு மாட்டை இத்தனை பெயரில் பிரிக்க முடியுமா என்று தோன்றும். பயப்படாதீங்க, முதல் ரவுண்டு எப்போதும் ஒன்றுதான். உள்ளுறுப்புகள். அவர்கள் மொழியில் அச்சூராஸ்.

குடல், அங்கே சின்சுலின். நன்றாகக் கழுவி, பின்னலாகவோ சுருளாகவோ தணலில் மொறுமொறுவென்று சுட்டு, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். கிட்னி உண்டு. மோர்சிஷா என்பது ரத்தத்தில் செய்த சாசேஜ். அதிலேயே ஒரு இனிப்பு வகை இருக்கிறது. உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் சேர்த்திருப்பார்கள். முதல் கடியில் ‘என்னடா இது?’ என்றிருக்கும். மூன்றாவது கடியில் தட்டு காலி. அப்புறம் மொஷேஹா. இளம் மாட்டின் தைமஸ் சுரப்பி. வெளியே முறுவல், உள்ளே பனீர் மாதிரி மெத்து. பரிஷேரோவின் கைப்பக்குவத்துக்கு இதுதான் உண்மையான பரீட்சை என்பேன். ஸ்டேக்கை யாரும் ஓரளவு சுட்டுவிடலாம். மொஷேஹாவை அவசரப்பட்டுச் சுட்டால் ரப்பர்தான்.

அடுத்து, மெயின் கறி. அசாடோ தெ தீரா என்பது விலா எலும்புகளைக் குறுக்கே அறுத்த நீளப் பட்டை. எலும்பு, கொழுப்பு, கறி மூன்றும் அடுக்கடுக்காக இருக்கும். நாட்டின் அன்றாடக் கறி இதுதான். கத்தி, முள்கரண்டியோடு தொடங்கி, எலும்பைக் கையில் எடுத்து முடிப்பார்கள், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பசீயோ, வயிற்றோரக் கறி. மேலே ஒரு மெல்லிய சவ்வு முறுகி அப்பளம் மாதிரி உடையும். என்ட்ராஞா என்பது உதரவிதானத் தசை. மெல்லிசு, சீக்கிரம் வேகும், கறி ருசி தூக்கலாக இருக்கும். ரிப் ஐ ஸ்டேக்கின் பெயர், ஓஹோ தெ பீஃபே! ‘ஓஹோ’ என்றால் ஸ்பானிஷில் கண். பெயருக்கேற்ற மாதிரி ‘ஓஹோ’ன்னுதான் இருக்கும். ஆனால், முதல் தடவை போகிறவர் அதை விட்டுட்டு என்ட்ராஞா சொல்லலாம். ரிப் ஐ எந்த ஊரிலும் கிடைக்கும்.

‘எப்படி வேகணும்?’ என்று கேட்பார்கள். மூன்று வார்த்தை போதும். ஹுகோசோ என்றால் உள்ளே சிவப்பாக, சாறோடு. அ புன்டோ, நடுத்தரம். பியென் கொசீதோ, முழுசா வெந்தது. நம்மில் பலரும் சிவப்பைப் பார்த்ததும் ‘ஐயோ ரத்தம்’ என்று பின்வாங்குவோம். அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். நிறம்தான் சிவப்பு. முதல் தடவைக்கு ‘அ புன்டோ’ சொல்லுங்க, யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

மேஜையில் ஒரு கிண்ணத்தில் சிமிச்சூரி இருக்கும். பார்ஸ்லி, பூண்டு, ஆரிகானோ, மிளகாய்த் தூள், வினிகர், எண்ணெய் எல்லாம் சேர்ந்த ஒரு தொக்கு. அதைக் கறி மேல் மொத்தமாக ஊற்றிவிடாதீர்கள். சொரீசோ சாசேஜுக்கும் பிரெட்டுக்கும் தொட்டுக்க சூப்பர். நல்ல என்ட்ராஞாவுக்கு உப்பே போதும். இது என் கட்சி. எதிர்க்கட்சியும் அங்கே பலமாகவே இருக்கிறது.

‘நான் கறி சாப்பிட மாட்டேன், ஃப்ரெண்ட்ஸோட மாட்டிக்கிட்டேன்’ என்பவர்களுக்கும் வழி உண்டு. ப்ரோவோலோனே என்ற சீஸை வட்டத் துண்டாக வெட்டி, ஆரிகானோ தூவி, அதே தணலில் சுடுவார்கள். வெளியே பொன்னிறம், உள்ளே இழுத்தால் நூல் நூலாக வரும். சுட்ட சிவப்புக் குடைமிளகாய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சாலட் உண்டு. சில கடைகளில் ஃபைனாவும் கிடைக்கும். இத்தாலியில் இருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த, கொண்டைக்கடலை மாவில் செய்யும் அடை. ஒரே தட்டில் எல்லாம் சுடுவதால் கறி பட்ட கம்பியில்தான் சீஸும் வேகும். அதில் ஆட்சேபம் உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

குடிக்க, பெரியவர்கள் தன்னாத் திராட்சையில் செய்த ரெட் ஒயின் சொல்வார்கள். 1870-களில் ஒரு பாஸ்க் குடியேறி கொண்டுவந்த கொடி, இன்று நாட்டின் அடையாளம். மற்றவர்களுக்கு பொமேலோ சோடா. லேசான கசப்பு, கொழுப்புக் கறிக்கு செம ஜோடி. அதில் பிரபலமான பிராண்டின் பெயர் பாசோ தெ லோஸ் தோரோஸ். ஓர் ஊரின் பெயர் அது. அர்த்தம், காளைகள் ஆற்றைக் கடக்கும் துறை. சோடாவில்கூட மாடு!

இவ்வளவு மாடு... ஆனா, யாருக்கு?

சாப்பிடும்போது சுவரைக் கொஞ்சம் கவனியுங்கள். பெனரோல், நாசியோனால் என்று எந்த கிளப்பின் ஜெர்சி மாட்டியிருக்கிறதோ, அது கடைக்காரரின் கட்சி. 1950-ல் பிரேசிலை அதன் சொந்த மரகானா மைதானத்திலேயே வீழ்த்தி உலகக் கோப்பையை வென்ற டீமின் கறுப்பு வெள்ளை போட்டோவும் இருக்கலாம். ஆனால், பக்கத்து டேபிள் பேச்சு ஃபுட்பாலில் இருந்து சீக்கிரமே வேறொன்றுக்குத் தாவும். கறி விலை!

ஆச்சர்யமா இருக்கா? இந்த நாட்டின் கதையே அதுதான். மாடு இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. எர்னன்டாரியாஸ் என்ற ஸ்பானிஷ் ஆளுநர் 1611-லும் 1617-லும் கொண்டுவந்து இறக்கிவிட்டவை. வேலியில்லாத புல்வெளி. மந்தை பெருகியது. அடுத்த காலத்தில் உலகம் கேட்டது தோலை மட்டும்தான். தோலை உரித்துக்கொண்டு கறியைக் கழுகுகளுக்கு விட்டார்கள். பிறகு உப்புக்கண்டம் போட்டு ஏற்றுமதி. அதைத் தின்றவர்கள் கியூபாவிலும் பிரேசிலிலும் தோட்டங்களில் உழைத்த அடிமைகள். 1865-ல் லீபிக் கம்பெனி வந்தது. ஃப்ரே பென்டோஸ் ஊரில் கறியைக் காய்ச்சி, சாறு எடுத்து, ஜாடியில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது. பிறகு அதே ஊரின் டின் கறி இரண்டு உலகப் போர்களிலும் சிப்பாய்களின் சாப்பாடானது. மாட்டின் ‘ம்மா’ சத்தம் தவிர மற்ற எல்லாமே அங்கே காசானது என்பார்கள். 1979-ல் மூடிய அந்த ஆலை, 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமானது.

இந்த வரிசையில் ஒரு விஷயம் மாறவே இல்லை. நல்ல கறிக்கு முதல் கஸ்டமர் எப்போதும் வெளிநாட்டில் இருக்கிறார். 1970-களில் ஒரு கட்டத்தில், ஏற்றுமதிக்குக் குறையக் கூடாது என்று உள்ளூரில் மாட்டிறைச்சி விற்பனைக்கு அரசே தற்காலிகத் தடை போட்டது. மாடுகள் மனிதர்களைவிட அதிகமாக இருக்கும் நாட்டில் கறிக்கடை பூட்டு! 2005-ல் கால்நடைத் துறை அமைச்சரானவர் ஹோசே முஹிகா. பின்னாளில் ‘உலகின் ஏழை அதிபர்’ என்று நாம் ஃபார்வர்டு மெசேஜ்களில் படித்த அதே பெப்பே முஹிகாதான். சாதாரண மக்களும் விலாக்கறி வாங்கணும் என்று, கறி ஆலைகளோடு பேசி மலிவு விலை அசாடோவை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தார். ஜனங்கள் அதற்கு ‘பெப்பேயின் அசாடோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போதும் மாட்டிறைச்சியின் பெரும்பகுதி கப்பலேறுகிறது. பல வருடங்களாகப் பெரிய வாடிக்கையாளர், சீனா. உருகுவேயின் ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் எலெக்ட்ரானிக் சிப் உண்டு. எங்கே பிறந்தது, எந்தப் பண்ணைக்கு மாறியது, எங்கே வெட்டப்பட்டது எல்லாம் பதிவாகும். மாட்டுக்கு ஆதார் கார்டு மாதிரி! 2006-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசிக்கும் தடை. இந்தத் தரத்துக்கு வெளியே நல்ல விலை கிடைக்கிறது. அந்த விலை உள்ளூர் கறிக்கடையிலும் எதிரொலிக்கிறது. விளைவு? உருகுவே தன் கறியை ஏற்றுமதி செய்துவிட்டு, உள்ளூருக்கு பிரேசில், பராகுவேயில் இருந்து விலை குறைந்த கறியை இறக்குமதி செய்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உருகுவேயின் மின்சாரத்தில் 90 சதவிகிதத்துக்கும் மேல் காற்று, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் வருகிறது. உலகமே பாராட்டுகிறது. ஆனால், புல் மேயும் அந்த 1.2 கோடி மாடுகள் ஏப்பமாக விடும் மீத்தேன், பசுமைக்குடில் வாயுக் கணக்கைத் தூக்கிவிடுகிறது. 2022-ல் அரசு ஒரு கடன் பத்திரத்தையே சுற்றுச்சூழல் இலக்குகளோடு முடிச்சுப்போட்டு வெளியிட்டது. இலக்கைத் தவறவிட்டால் அரசு கூடுதல் வட்டி கட்டணும். மாட்டின் ஏப்பத்துக்கு வட்டி கட்டும் நிலை வேறு எந்த நாட்டுக்கு வந்திருக்கும்?

இதையெல்லாம் தெருமுனைக் கடைக்காரர்தான் தன் மெனு கார்டில் சமாளிக்கணும். விலையை ஏற்றினால் செவ்வாய்க்கிழமை கஸ்டமர் வீட்டிலேயே பாஸ்தா செய்துகொள்வார். ஏற்றாவிட்டால் கட்டுப்படியாகாது. துறைமுகம் பக்கத்தில் 1868-ல் திறந்த மெர்காதோ தெல் புவெர்டோ இருக்கிறது. இரும்புத் தூண்கள், உயரக் கூரை, வரிசையாக அடுப்புகள். கண்டிப்பாப் போய்ப் பாருங்க, போட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே சுற்றுலாப் பயணிகளின் பணம் இருக்கிறது. பலெர்மோவின் தெருமுனைக் கடைக்கு இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும்தான். நீங்கள் சாப்பிடும் ராத்திரி எங்கே என்று முடிவு செய்யும்போது இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

வயிற்றில் இடம் இருந்தால் இனிப்பு. பாலும் சர்க்கரையும் மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய துல்சே தெ லெச்சேயோடு ஃப்ளான். அல்லது, சஹா என்ற பீச் பழக் கேக். பரிஷாக்களில் எனக்குப் பிடித்தது மார்ட்டின் ஃபியெர்ரோ. ஒரு துண்டு சீஸ், அதன் மேல் ஒரு துண்டு சீமை மாதுளை அல்வா, முடிந்தது. அடுப்பே பற்ற வைக்காத டெசர்ட்.

பில்லில் ‘குபியெர்டோ’ என்று ஒரு வரி இருக்கலாம். பிரெட்டுக்கும் மேஜைக்குமான கட்டணம். ஏமாற்று வேலை இல்லை, வழக்கம். டிப்ஸ் 10 சதவிகிதம். வீட்டு அசாடோ என்றால் சாப்பாட்டுக்கு நடுவே யாராவது ‘சுட்டவருக்கு ஒரு கைதட்டு!’ என்று குரல் கொடுப்பார்கள், மொத்த மேஜையும் தட்டும். கடையில் அப்படிச் செய்யும் வழக்கம் இல்லை. வெளியே போகும்போது அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு ‘க்ராசியாஸ்’ சொன்னால் போதும்.

அப்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். கூடையில் புது விறகு போடுவதை நிறுத்தியிருப்பார்கள். மிச்சத் தணலைச் சாம்பல் மூடிக்கொண்டிருக்கும். தட்டின் உயரமான ஓரத்தில், ராத்திரி முழுக்க யாருக்கும் பரிமாறாமல் ஒரு சின்னத் துண்டு விலாக்கறி கிடக்கும். பரிஷேரோ அதை எடுத்து, ஒரு பிரெட்டுக்குள் வைத்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பிப்பார்.